குழி விளிம்பில் ஒரு பெரியப்பா

ஹீட்டரை ஓடவிட்டபடி ஆபீஸ் பார்க்கிங்கில் என் காருக்குள் உட்கார்ந்திருந்தோம். வெளியே பனி பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. பக்கத்து சீட்டில் காவ் மிங். கோட்டின் பொத்தானைக்கூட அவர் கழற்றவில்லை. இரண்டு கைகளையும் முழங்கால்களுக்கு நடுவே செருகிக்கொண்டு கேட்டார்.

"அப்பா எப்படி இருக்கார், விஜி?"

முந்தின நாள்தான் சீனாவிலிருந்து திரும்பியிருந்தேன். நுவர்க் ஏர்போர்ட்டில் இறங்கியதும், 'வந்துட்டேன், நாளைக்குப் பேசலாம்' என்று அவருக்கு ஒரு மெசேஜ் தட்டினேன். அந்த ஒரு நாளுக்குள் என்ன சொல்வது என்று முடிவு பண்ணிவிடலாம் என்று நினைப்பு. பண்ண முடியவில்லை.

"நல்லா இருக்கார்" என்றேன். அதுவரைக்கும் உண்மைதான்.

"வீடு?"

வைப்பர் இரண்டு தடவை போய் வந்தது.

பூண்டும் மோர்மிளகாயும்

இந்தப் பத்தியில் ஈஸ்ட் பிரன்ஸ்விக் வாழ்க்கையைப் பற்றி இத்தனை வாரமாக எழுதுகிறேன், காவ் மிங்கைப் பற்றி எழுதியதில்லை. எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "தமிழ்ல படிச்சுட்டு எங்கப்பாகிட்ட போய் யார் சொல்லப் போறாங்க, எழுதுங்க" என்றார்.

இருவருக்கும் ஒரே மருந்துக் கம்பெனியில் வேலை. அவர் லேபில். நான் தர ஆய்வில். மருந்துக்கு மூலப்பொருள் தரும் தொழிற்சாலைகளுக்கு நேரில் போய், அவர்கள் ஏட்டில் எழுதியிருப்பதும் உள்ளே நடப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பது என் வேலை. ஆடிட் என்று சொன்னால் சட்டென்று புரியும்.

எங்களைச் சேர்த்து வைத்தது வாசனை. அவர் நூடுல்ஸோடு பச்சைப் பூண்டைக் கடித்துக்கொண்டு சாப்பிடுவார். நான் தயிர்சாதத்துக்கு மோர்மிளகாய் வறுத்துக் கொண்டுபோவேன். கேன்டீனில் எங்கள் இருவருக்குப் பக்கத்திலும் யாரும் உட்காருவதில்லை. கடைசியில் நாங்களே ஒரே மேஜைக்கு வந்து சேர்ந்தோம்.

முதல் நாள் ஊர் எது என்று கேட்டார். சென்னை என்றேன். நெய்வேலி என்றால் இங்கே யாருக்குத் தெரியும்? அவர் ஷென்யாங் என்றார். சீனாவின் வடகிழக்கில் இருக்கும் பெரிய நகரம் அது.

பல மாதம் கழித்து ஒருநாள் பேச்சுவாக்கில், எங்கப்பா திறந்தவெளிச் சுரங்கத்தில் சர்வே பிரிவில் வேலை பார்த்தவர் என்று சொன்னேன். காவ் சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டார்.

"சென்னைல ஏது சுரங்கம்?"

"சென்னை இல்ல. நெய்வேலி."

"அப்ப சென்னைன்னு சொன்னீங்க?"

நான் அசடு வழிந்தேன். அவர் சிரித்துக்கொண்டே, தன் ஊரும் ஷென்யாங் இல்லை என்றார். அங்கிருந்து காரில் ஒரு மணி நேரம். ஃபூஷுன். சீனாக்காரர்கள் அதை ஒரு காலத்தில் நிலக்கரித் தலைநகர் என்றே சொல்வார்களாம். அங்கேயும் திறந்தவெளிச் சுரங்கம். அவருடைய அப்பாவும் சர்வே பிரிவு.

பேப்பர் நாப்கினில் ஒரு நகரம்

அன்றைக்கு அவர் பேப்பர் நாப்கினில் ஊரை வரைந்து காட்டினார். நடுவில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு கோடு. அது ஹுன் ஆறு. ஆற்றின் இரண்டு கரையிலும் வாய்க்கால் ஓரத்துச் செடி மாதிரி ஒடுங்கலாக நீண்டுபோகும் நகரம். தெற்கே பலாச்சுளை வடிவில் ஒரு பெரிய குழி. ஊரே அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது.

"பெரிசா வரைஞ்சுட்டீங்க" என்றேன்.

"இல்ல, சின்னதா வரைஞ்சிருக்கேன்" என்றார்.

அந்த மண்ணுக்கு அடியில் கரி இருப்பது எந்தக் காலத்திலோ தெரியும். ஆனால் மஞ்சு வம்சத்து அரசர்கள் தோண்டக் கூடாது என்று தடை போட்டிருந்தார்கள். அவர்களுடைய முன்னோர்களின் கல்லறைகள் அந்த வட்டாரத்தில் இருந்தன. பூமிக்குள் டிராகனின் நரம்பு ஓடுகிறது, அதை வெட்டினால் வம்சம் அழியும் என்று நம்பிக்கை. தடையை எடுத்த கொஞ்ச வருஷத்திலேயே வம்சம் போய்விட்டது. "அதனால அவங்க நம்பினது சரின்னு எங்கம்மா சொல்வாங்க" என்றார் காவ்.

பிறகு ரஷ்யாக்காரர்கள் வந்தார்கள். அவர்களைத் தோற்கடித்து ஜப்பான்காரர்கள் வந்தார்கள். மலைச்சரிவையே பிளந்து படிப்படியாக வெட்டிக்கொண்டு கீழே போனது அவர்கள் காலத்தில்தான். பக்கத்தில் ஒரு கிராமத்து ஜனங்களை ஒரே இடத்தில் கூட்டிவைத்துச் சுட்டுக் கொன்றதும் அவர்கள்தான். இதைச் சொல்லும்போது காவ் குரலை உயர்த்தவில்லை. பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் அங்கே கூட்டிப் போவார்களாம், யாரும் பேசாமல் நடந்து வருவார்களாம். அவ்வளவுதான் சொன்னார்.

குழிக்கு முன்னால் அங்கே ஒரு பழைய ஊர் இருந்தது. அதன் பெயரைத் தமிழில் சொன்னால் 'ஆயிரம் பொன் கோட்டை' என்று வரும். கடைத்தெரு, நாடகக் கொட்டகை, கோயில் எல்லாம் இருந்த ஊர். அதன் அடியில் கரி இருந்தது. ஊரை அப்படியே காலி பண்ணி நகர்த்திவிட்டுத் தோண்டினார்கள். ஆயிரம் பொன் இருந்த இடத்தில் இப்போது காற்றுதான் இருக்கிறது.

ஜப்பான்காரர்கள் போய் சொந்த அரசாங்கம் வந்த பிறகும் தோண்டுவது நிற்கவில்லை. குழியின் படிகளில் மின்சார ரயில்கள் வளைந்து வளைந்து இறங்கும். காவின் வகுப்பறை ஜன்னலிலிருந்து பார்த்தால் கம்பளிப்பூச்சி ஊர்வது மாதிரி தெரியும். கரிக்கு நடுவே அங்கங்கே மஞ்சளாக ஆம்பர் கிடைக்கும், பழங்காலத்து மரப்பிசின் கல்லாய் இறுகியது. எப்போதோ பூச்சி சிக்கிய ஒரு துண்டை அவருடைய அப்பா கொண்டுவந்து கொடுத்தார். இப்போது அது அவர் மகனின் அலமாரியில் இருக்கிறது. அந்தப் பையனுக்கு அதில் இருப்பது கொசு என்பது மட்டும்தான் தெரியும்.

நான் என் பங்குக்கு நெய்வேலியைச் சொன்னேன். எங்கள் கரி பழுப்பு. கிணறு வெட்டப்போய்க் கறுப்பாக ஏதோ கிளம்பி, அதிலிருந்து தொடங்கிய ஊர். கரிக்கு அடியில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும், ராப்பகலாகப் பம்பு போட்டு இறைத்தால்தான் தோண்டவே முடியும். தெருவுக்குப் பெயர் கிடையாது, பிளாக் நம்பர்தான். எங்கள் ஊருக்காகவும் கிராமங்கள் எழுந்து போயிருக்கின்றன.

காவ் கேட்டுக்கொண்டே வந்து, "உங்க ஊர்ல கரி இன்னும் இருக்கா?" என்றார்.

இருக்கிறது என்றேன். அவர் ஊரில் சில வருஷத்துக்கு முன்னால் மூடிவிட்டார்களாம்.

அம்மாவிடம் சொன்ன பொய்

தோண்டுவதை நிறுத்திவிட்டார்கள், ஆனால் நிலம் நிற்கவில்லை. குழியைச் சுற்றியிருக்கும் சரிவு மெல்ல மெல்ல உள்பக்கமாக நகர்கிறது. விளிம்பில் இருக்கும் குடியிருப்புகளில் விரிசல். அரசாங்கம் ஆட்களைக் காலி பண்ணி ஆற்றுக்கு வடக்கே புது அடுக்குமாடிகளில் வீடு கொடுத்தது. முக்கால்வாசிப் பேர் போய்விட்டார்கள். காவின் அப்பா மட்டும் அசையவில்லை.

வீடு எப்படி இருக்கிறது என்று மகன் போனில் கேட்டால், 'கல்லு மாதிரி இருக்கு' என்பார். வீடியோவில் காட்டச் சொன்னால் தன் முகத்தைத்தான் காட்டுவார்.

"நேர்ல போய்ட்டு வாங்களேன்" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். சொன்ன உடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

காவுக்கு கிரீன் கார்டு இன்னும் வரவில்லை. அது இருந்தால் இஷ்டம்போல ஊருக்குப் போய் வரலாம். இந்தியர்கள் மாதிரியே அவர்களுக்கும் நீண்ட வரிசை. நடுவில் ஊருக்குப் போனால் அங்கே தூதரகத்தில் விசா ஸ்டாம்பிங் பண்ணித்தான் திரும்ப முடியும். அவர் படித்த படிப்புக்கும் பார்க்கிற வேலைக்கும், தனி விசாரணை என்று அதை எத்தனை மாதம் இழுத்தடிப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவருடைய நண்பர் ஒருவர் அப்படிப் போய் அங்கேயே மாட்டிக்கொண்டு, வேலையும் போய், வீட்டையும் விற்றார். காவுக்கு ஹைஸ்கூலில் படிக்கும் மகன், இந்தப் பக்கம் வீட்டு மார்ட்கேஜ் கடன். பயந்தார். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நாங்களும் பத்து வருஷம் அதே பயத்தில் இருந்தவர்கள்தான்.

ஆனால் அவர் அப்பாவுக்கு இது தெரியாது. அதற்குக் காரணம் காவ் சொன்ன ஒரு பொய்.

கொரோனா காலத்தில், எல்லைகள் மூடிக்கிடந்தபோது, அவருடைய அம்மா புற்றுநோயில் படுத்துவிட்டார். தினமும் வீடியோ காலில் முகம் பார்ப்பார்கள். கடைசி வாரத்தில் ஒருநாள் அம்மா, "அந்தக் கார்டு வந்துருச்சா?" என்று கேட்டார். வருஷக்கணக்காக அதே கேள்விதான். அன்றைக்குக் காவ், "வந்துருச்சும்மா" என்று சொல்லிவிட்டார். அம்மா சிரித்தார். பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

அம்மா போய்விட்டார். பொய் தங்கிவிட்டது. கார்டு வந்தவன் ஏன் ஊருக்கு வரவில்லை? வேலை ஜாஸ்தி, பையனுக்குப் பரீட்சை என்று ஒவ்வொரு வருஷமும் ஏதாவது சொன்னார். அப்பா ஒரு தடவைகூட வா என்று கேட்கவில்லை.

இந்தக் குளிர்காலத்தில் எனக்கு ஷென்யாங்கில் ஒரு ஆடிட் வந்தது. காவிடம் சொன்னேன். மறுநாள் மதியம் அவர் சாப்பாட்டைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க ஆடிட்டர். ஒரு தடவை போய்ப் பாருங்க. பார்த்ததை அப்படியே சொல்லுங்க" என்றார். கூடவே, கார்டு விஷயத்தை மட்டும் வாய் தவறிக்கூட அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றார்.

வீட்டில் சேகர் முணுமுணுத்தார். "அவங்க ஃபேமிலி மேட்டர் விஜி. நடுவுல நீ போய் மாட்டிக்கப் போற." என் கணவர் சொல்வது பல சமயம் சரியாகத்தான் இருக்கும்.

காகிதக் கீற்றுகள்

ஆடிட் முடிந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மொழிபெயர்ப்பாளராக வந்திருந்த லின் என்ற பெண், ஷென்யாங்காரி, விவரம் கேட்டுவிட்டுத் தானே கூட வருவதாகச் சொன்னாள்.

ஹுன் ஆறு உறைந்து கிடந்தது. அதன் மேல் பலகை வண்டியில் குழந்தைகளை வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஆற்றைத் தாண்டித் தெற்கே போகப் போக மனிதர்கள் குறைந்தார்கள். ஜன்னல் கழற்றிய கட்டடங்கள். கடைசியில் நாலு மாடி செங்கல் கட்டடம் ஒன்று. அதில் இரண்டே வீட்டில்தான் ஆள் இருந்தது.

பெரியவர் வாசலிலேயே நின்றிருந்தார். ஒல்லி. நீலப் பருத்திக் கோட்டு. காவ் சொல்லிக்கொடுத்தபடி "தா-யே" என்று கூப்பிட்டேன். அப்பாவைவிட மூத்தவரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். நம் பெரியப்பா. என் உச்சரிப்பைக் கேட்டு லின்னிடம் ஏதோ சொன்னார். "வடகிழக்குக் குளிர் பட்டா சரியாயிடுமாம்" என்றாள் லின்.

நான் மாமிசம் சாப்பிட மாட்டேன், முட்டை பரவாயில்லை என்று காவ் அவரிடம் சொல்லியிருந்தார். முட்டையும் பூண்டுத்தாளும் வைத்துப் பெரியவர் கொழுக்கட்டை மாதிரி டம்ப்ளிங் பிடித்து வைத்திருந்தார். ஒவ்வொன்றும் ஒரே அளவு. சர்வேக்காரர் கை.

அவர் அடுப்பங்கரைக்குப் போனபோது நான் சுவரைப் பார்த்தேன். காலண்டர் இருக்க வேண்டிய உயரத்துக்கு மேலே, கூரை ஓரமாக, விரல் அகலக் காகிதக் கீற்றுகள் விரிசலுக்குக் குறுக்கே ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றிலும் பென்சிலில் தேதி. வாசல் நிலைக்கு மேலே, படுக்கைக்குப் பின்னால், ஜன்னலுக்குக் கீழே. எண்ணினேன், பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டேன். ஏறக்குறைய எல்லாமே நடுவில் கிழிந்திருந்தன.

எனக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நெய்வேலியில் சுரங்கச் சரிவில் விரிசல் கண்டால் எங்கப்பா குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமென்ட் வைத்துப் பதிப்பார். மறுநாள் கண்ணாடி உடைந்திருந்தால் மண் நகர்கிறது என்று அர்த்தம். அந்தப் படியில் அதற்கு மேல் யாரும் வேலை செய்யக் கூடாது. ஒருமுறை மேலதிகாரி இன்னும் ஒரு ஷிப்ட் ஓட்டலாம் என்றாராம். அப்பா உடைந்த கண்ணாடியைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தார். வீட்டில் இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. சாப்பிடும்போது அம்மா கேட்டதால் சொன்னார்.

பெரியவர் தட்டோடு வந்தபோது நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டார். தட்டை வைத்தார்.

லின் மூலமாக, எங்கப்பாவும் இந்த வேலைதான் பார்த்தார், அங்கே கண்ணாடி என்றேன். அவர் முகம் மலர்ந்தது. கண்ணாடி இன்னும் நல்லது என்றார், காகிதம் ஈரத்தில் இழுத்துக்கொள்ளும். கொஞ்ச நேரம் இரண்டு சர்வேக்காரர்கள் மாதிரியே பேசினோம். அப்புறம் நான் கேட்டேன், கடைசியாக ஒட்டியது எத்தனை நாள் தாங்கியது என்று.

"ஆறு நாள்" என்றார்.

அதற்கு முந்தியது?

அவர் எழுந்தார். கோட்டை மாட்டிக்கொண்டு எங்களை வெளியே கூட்டிப் போனார்.

விளிம்பு

கட்டடத்துக்குப் பின்னால் நடந்தோம். கம்பி வேலி வரைக்கும்தான் போக முடியும். அதற்கப்பால் தரை இல்லை.

நெய்வேலியில் வளர்ந்தவள் நான், குழி எனக்குப் புதிதில்லை. ஆனாலும் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். படி படியாக இறங்கி, அடியில் பனி படிந்து, எதிர்க்கரை நீலமாக மங்கிக் கிடந்தது. ஒரு மூலையில் மண்ணுக்குள்ளிருந்து தானாகப் புகை வந்தது. மிச்சக் கரி அடியில் எரிகிறதாம். பெரியவர் கையை நீட்டி எங்கே ரயில் திரும்பும், எங்கே தான் முதன்முதலாகக் கருவியை நிறுத்தினார், எங்கே நண்பன் ஒருவனை மண் மூடியது என்று காட்டினார். திட்டுவது மாதிரியும் இருந்தது, சொந்தக்காரரைப் பற்றிப் பேசுவது மாதிரியும் இருந்தது.

பிறகு எங்களைப் பார்க்காமலே சொன்னார். லின் மெதுவாக மொழிபெயர்த்தாள்.

"வீடு உறுதியா இருக்குன்னு அவன்கிட்ட சொல்லிடுங்க. நான் வீடு மாத்தினா ஏதோ ஆயிடுச்சுன்னு பயந்துடுவான். அவனுக்கு அங்க நல்ல வாழ்க்கை. கார்டு வந்து இத்தனை வருஷத்துல வரணும்னு தோணல. தோணாதவனைப் பயமுறுத்தி வரவைக்க எனக்கு இஷ்டமில்ல."

குளிரில் கண்ணில் நீர் வருவது சகஜம். அவர் கண்ணில் வந்தது எது என்று எனக்குத் தெரியவில்லை.

சொல்லக் கூடாது என்று வாக்குக் கொடுத்திருந்தேன். சேகர் சொன்னதும் ஞாபகம் வந்தது. ஆனால் மகன் தன்னை மறந்துவிட்டான் என்று நம்பிக்கொண்டு ஒரு மனிதர், ஆறு நாளில் கிழிகிற சுவருக்குள் படுத்துத் தூங்குகிறார். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"பெரியப்பா, அவருக்குக் கார்டு வரலை. இன்னும் வரிசையிலதான் நிக்கறார். அம்மா மனசு குளிரட்டும்னு அன்னைக்கு அப்படிச் சொல்லிட்டார்."

லின் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு மொழிபெயர்த்தாள்.

அவர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு லின்னிடம் ஒரே கேள்வி கேட்டார். அவள் என் பக்கம் திரும்பி அதைச் சொன்னாள்.

"அப்ப, அவன் வராம இல்ல, வர முடியாம இருக்கானா?"

ஆமாம் என்று தலையசைத்தேன்.

வீட்டுக்குத் திரும்பி வந்து ஆறிப்போன டம்ப்ளிங்கை மறுபடி சட்டியில் வதக்கிக் கொடுத்தார். என்னைப் போதும் போதும் என்று சொல்லவிடவில்லை.

பார்த்ததைச் சொன்னேன்

பார்க்கிங்கில், "வீடு?" என்று காவ் கேட்டதற்குத்தான் வருகிறேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். கீற்றுகளை, ஆறு நாளை, வேலியோரத்தில் அவர் சொன்னதை. கடைசியில் நான் செய்ததையும். காவ் காரின் முன்கண்ணாடி வழியாக நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதைச் சொல்லாதீங்கன்னு கேட்டேனே, விஜி" என்றார். கோபமாகக்கூட இல்லை. கதவைத் திறந்து இறங்கி, பனியில் கட்டடத்தைப் பார்த்து நடந்து போனார். தொப்பியைப் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த மூன்று வாரம் நான் தனியாகச் சாப்பிட்டேன். மைக்ரோவேவ் வரிசையில் எதிர்ப்பட்டால் தலையை மட்டும் அசைப்பார். வீட்டில் சேகர் 'அன்னைக்கே சொன்னேன்' என்று சொல்லவில்லை. அவர் சொல்லாமல் இருந்ததே எனக்குப் போதுமான தண்டனையாக இருந்தது. நான் தப்புப் பண்ணிவிட்டேனா என்று தினமும் ஃப்ரீவேயில் டிரைவ் பண்ணிக்கொண்டே யோசிப்பேன். எக்ஸிட் வந்துவிடும், பதில் வராது.

நாலாவது வாரம் ஒரு மதியம், எதிர் நாற்காலி இழுபட்டது. காவ் உட்கார்ந்தார். பூண்டு உரித்தார். அப்பா ஆற்றுக்கு வடக்கே புது வீட்டுக்குப் போய்விட்டார் என்றார். ஒன்பதாவது மாடி. லிஃப்டைத் திட்டிக்கொண்டிருக்கிறாராம். கோடையில் அவர் இங்கே வர விசிட்டர் விசாவுக்கு அப்ளை பண்ணப் போகிறார்களாம்.

"அப்பாகிட்ட பேசினீங்களா?"

பேசினேன் என்றார். பயந்துகொண்டுதான் போன் பண்ணினாராம், திட்டு விழும் என்று. திட்டவும் செய்தாராம் அப்பா, பொய் சொன்னதுக்கு. திட்டி முடித்துவிட்டு, இன்னொன்றும் சொன்னாராம்.

"நீ கார்டு வந்துருச்சுன்னு சொன்னல்ல, அன்னைக்கு உங்கம்மா எழுந்து உட்கார்ந்தா. பல நாளா ஒரு வாய் இறங்கல. அன்னைக்கு நூடுல்ஸ் பண்ணச் சொன்னா, தக்காளியும் முட்டையும் போட்டு. ஒரு கிண்ணம் முழுசா சாப்பிட்டா."

காவ் உரித்த பூண்டைக் கையிலேயே வைத்திருந்தார்.

"இத்தனை வருஷமா அம்மாவைக் கடைசியா ஒரு பொய்யைச் சொல்லி அனுப்பிட்டேன்னே நினைச்சுக்கிட்டிருந்தேன், விஜி. அவங்க சாப்பிட்டாங்கன்னு எனக்கு யாரும் சொல்லல."